பழந்தின்னி வளைவு

ஜீப்பில் மலையேறும்போது நடுவில் உட்காருவதுதான் நல்லது மேடம். ஓரத்தில் உட்கார்ந்தால் பள்ளத்தைப் பார்த்துத் தலை சுற்றும். பின்னால் உட்கார்ந்தால் வாய் நிறைய புழுதி. சுவேதாவும் நடுவில்தான் உட்காருவாள். அப்படித்தான் அவள் என் பக்கத்தில் வந்தாள். நானாகத் தேடிப் போகவில்லை. ஸ்டேஷன் ரைட்டரிடம் இதை முதல் வரியாக எழுதச் சொல்லுங்கள்.

என் பெயர் மணிவேல். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் சென்ட் கடை வைத்திருக்கிறேன். கம்பெனி சரக்கு வாங்கி விற்பவன் இல்லை. நானே கலந்து, சின்னப் புட்டிகளில் ஊற்றி, நானே பெயர் வைத்து விற்பேன். சந்தை நாளில் பெட்டியோடு ஜீப் ஏறிப் புதூர்நாடு போவேன். மலைப் பெண்களுக்கு வாசனை என்றால் பிரியம். அவர்களிடம் பேசத் தெரிந்தால் போதும், பெட்டி காலியாகிவிடும்.

அதற்கு முன்னால் வாணியம்பாடியில் அமீர் பாயின் தோல் கம்பெனியில் இருந்தேன். தோலுக்குப் பளபளப்பு ஏற்றும் பூச்சில் ஒரு திரவம் கலப்பார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். மூடியைத் திறந்தால் கனிந்த வாழைப்பழம் அடிக்கும். கம்பெனியில் எல்லோரும் அதை வாழைப்பழ எண்ணெய் என்றுதான் சொல்வோம். பல வருஷம் அதைக் கலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் நான். கடைசியில் அமீர் பாய் என்னைக் கூப்பிட்டு, "மணி, உன் மூக்கு போய்டுச்சுப்பா. இனிமே இந்த வேலை வேணாம். வேற எதுனா பாரு" என்றார். அவருக்கு என்மேல் பொறாமை என்று அப்போதே புரிந்துகொண்டேன். மூக்கு போனவன் சென்ட் கடை வைப்பானா? அவருக்குப் பதில் சொல்லத்தான் கடையே வைத்தேன்.

வாசனைக்குக் குணம் உண்டு மேடம். இது என் அனுபவம். மல்லிகை போடுகிறவள் எதையும் மறக்க மாட்டாள். என்றைக்கோ வாய் தவறிச் சொன்ன வார்த்தையை இன்றைக்குத் திருப்பி முகத்தில் எறிவாள். சந்தனம் போடுகிறவள் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவள். பழ வாசனைக்காரி வேறு ரகம். இனிப்பு, துள்ளல், மனதில் ஒன்றும் தங்காது. கூப்பிட்டால் திரும்புவாள், பேசினால் சிரிப்பாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வராது. அந்த ரகத்துக்காகவே ஒரு சென்ட் கலந்தேன். பேரிக்காய், ஸ்ட்ராபெரி, பலாச்சுளை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாழைப்பழ எண்ணெய் துளியளவு. 'குறும்பி' என்று பெயர். 'சிரிக்கத் தெரிந்த பெண்ணுக்கு' என்று லேபிளில் போட்டேன்.

நடுவில் கொஞ்ச காலம் எனக்கு ஜலதோஷம். விடாத ஜலதோஷம். வாசனைகள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி இருந்தது. கையில் பழகிய அளவில் கலந்துகொண்டிருந்தேன். சிலர் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, மல்லி கேட்டால் மண்ணெண்ணெய் கொடுத்திருக்கிறாய் என்று சத்தம் போட்டார்கள். ஜனங்களுக்கு ரசனை கெட்டுவிட்டது.

அந்த நேரத்தில்தான் சுவேதா வந்தாள். கலசப்பாக்கத்துப் பக்கம் நெல்லு வயல்காரர் வீட்டுப் பெண். கிராம சுகாதார நர்ஸாகப் புதிதாக மலைக்குப் போட்டிருந்தார்கள். சந்தை முடிந்து சாயங்காலம் வீரன் ஓட்டுகிற ஜீப்பில் மலை இறங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும், எத்தனையோ மாதத்துக்கு அப்புறம், எனக்கு ஒரு வாசனை வந்தது. இனிப்பான பழ வாசனை. அவளுடைய வலது கைப்பக்கமிருந்து வந்தது. அந்தக் கையின் துணி மணிக்கட்டுப் பக்கம் காய்ந்து மொடமொடவென்று நின்றது. அவ்வளவு தாராளமாக ஊற்றிக்கொள்கிறவள் என்று குறித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். காலையில் ஏறும்போது அவளிடம் அந்த வாசனை இருக்காது. சாயங்காலம் இறங்கும்போதுதான் இருக்கும். வேலை முடிந்த பிறகு சென்ட் போட்டுக்கொள்கிற பெண் யாரைப் பார்க்கப் போகிறாள்? நீங்களும் பெண்தான், நீங்களே சொல்லுங்கள்.

சந்தையில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. குறும்பிப் புட்டியைக் காட்டி, மூக்குக்கு வந்ததைச் சொன்னேன். "இது யாரு போடறது தெரியுமா? நர்ஸம்மா போடறது" என்றேன்.

"இன்னாண்ணே சொல்ற? அந்த நர்ஸம்மாவா?"

"பின்னே? பக்கத்துல உக்காந்துகினு வர்றேன், எனக்குத் தெரியாதா?"

குறும்பி நன்றாகப் போனது. அந்த சென்ட் போடுகிறவளின் குணத்தைப் பற்றியும் கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்டது பெரும்பாலும் ஆம்பிளைகள். அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். சிரிப்பது அவர்கள் இஷ்டம்.

இப்போது பழந்தின்னி வளைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் மலைக்குப் புதிது. புதூர்நாடு போகிற வழியில் ஒரு பெரிய பாறை துருத்திக்கொண்டு நிற்கும். அதன் வயிற்றில் மலைத்தேனீக்கள் கூடு கூடாகத் தொங்கும். பாறைக்கு முந்தின வளைவில் எல்லா ஜீப்பும் நிற்கும். எவரிடம் பழம் இருந்தாலும் அங்கேயே தின்று தீர்த்து, ஓடைத் தண்ணீரில் கையும் வாயும் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். முக்கியமாக வாழைப்பழம். ஒருதடவை நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு வரிசை கொண்டுபோன கும்பல் ஒரு முழுத் தாரோடு ஏறிவிட்டது. வீரன் வண்டியை நிறுத்திவிட்டு, கிளப்பவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டான்.

"துன்னுங்க. துன்னு முடிச்சாத்தான் வண்டி."

"யோவ், மாப்ள வூட்டுக்கு வெறுந்தட்டா எடுத்துகினு போறது?"

"தட்டோட போறியா, பாடையோட போறியா? நீயே சொல்லு."

அத்தனை பேரும் முழி பிதுங்கத் தின்றார்கள். வளைவில் எப்போதும் ஒரு தோல் குவியல் கிடக்கும். ஏன் இப்படி என்று வீரனைக் கேட்டேன். "தேனீ கொட்டுச்சின்னா கொட்டுன எடத்துல வாழப்பழ வாசன அடிக்கும்ணே. அந்த வாசன வந்தா மத்ததுங்களுக்கு சண்டைன்னு அர்த்தம். நீ பழத்தோட போனா, ஏற்கெனவே ஒருத்தன் சண்டைய ஆரம்பிச்சிட்டான்னு நெனச்சிக்கும்" என்றான். நான் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டேன். அப்போது எனக்கு அதில் வேலை இல்லை.

சுவேதா அந்த வளைவில்தான் இறங்குவாள். பாறைக்கு அப்புறம் பாறையூர் என்று ஒரு சின்ன ஊர். ஜீப் போகாது. பாறைக்கு அடியிலேயே ஒற்றையடிப் பாதை. அந்த ஊர் சுகாதாரத் தொண்டர் சின்னக்குழந்தை வளைவுக்கு வந்து தடுப்பூசிப் பெட்டியை வாங்கிக்கொள்வாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே நடப்பார்கள்.

ஒரு நாள் காலையில் ஜீப்பில் நானே ஒரு குறும்பிப் புட்டியை அவளிடம் நீட்டினேன். "உன் வாசனைதான். காசு வேணாம்" என்றேன். யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் புட்டியை வாங்கவில்லை.

"அண்ணா, நான் சென்ட்டே போடறதில்ல. தும்மல் வந்துடும். நீங்க சந்தையில இன்னாமோ சொல்லிகினு இருக்கீங்களாம். பாறையூர்ல முத்தம்மாள்னு ஒருத்தவங்க, மருமகளுக்கு ஏழு மாசம், ரத்தமே இல்ல. என்னை வூட்டுக்குள்ளயே விட மாட்டேன்றாங்க. 'சிலுப்பிகினு வர்றவ கை எங்க பொண்ணு மேல படக்கூடாது'ன்றாங்க. அந்தப் பொண்ணுக்கு எதுனா ஆச்சின்னா யாருண்ணா பதில் சொல்றது?"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஜீப் முழுக்கக் கேட்டது. அடுத்த சந்தையில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நர்ஸம்மா சென்ட் போடுவதில்லை, நான் சொன்னது தப்பு என்று நான் சொல்ல வேண்டுமாம். அதுதான் அவள் கேட்டது.

யோசித்துப் பாருங்கள். அப்படிச் சொன்னால் என் மூக்கு பொய் என்று ஆகும். மூக்கு பொய் என்றால் கடை எதற்கு? அமீர் பாய் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஒரு ஊர் வீட்டுக் கதவு திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷனின் மூக்கைக் கேட்கிறாள். பேராசைதானே?

"எனக்கு வந்த வாசனை எனக்குத் தெரியும்" என்றேன்.

முன் சீட்டிலிருந்து வீரன் திரும்பினான். "யோவ் சென்ட்டு, அவ்ளோ பெரிய மூக்கா உனுது? கண்ண மூடு பாப்போம்."

எனக்குப் பயம் என்ன? மூடினேன். ஏதோ ஒன்றை மூக்குக்கு அருகில் நீட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ நின்றது. நான் நிதானமாக மூச்சை இழுத்து, "வெட்டிவேர்" என்றேன்.

ஜீப் அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் ஜெயம்மாள், சந்தையில் கருவாடு விற்கிறவள், ஒரு நெத்திலிக் கருவாட்டுக் கொத்தை என் மூக்கில் முட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். "அடேங்கப்பா, வெட்டிவேரு! இனிமே கொழம்புக்கு இன்னா பண்ணுவேன், தண்ணிப் பானையில போட்டு வெச்சிடவா?" என்றாள். வீரன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். பின் சீட்டில் எவனோ ஒருவன் என் பெட்டியைக் காட்டி, "அப்ப இதுல இருக்கிறது எல்லாம் கருவாட்டுச் சாறா?" என்றான். புதூர்நாடு வரைக்கும் அதுவே பேச்சு.

சுவேதா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அண்ணா, மூக்கு மரத்துப் போறது வியாதிதான். வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வேலூர்ல நல்ல டாக்டர் இருக்காங்க. நான் பேசி வெக்கறேன், போய்ட்டு வாங்க. ஆனா அந்தப் பொண்ணுக்காக சந்தையில ஒரு வார்த்த சொல்லிடுங்க."

சிரித்தவர்களை நான் மன்னித்துவிட்டேன் மேடம். இன்றைக்கும் அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிரிக்காமல் இருந்தாளே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பழ வாசனைக்காரி சிரித்திருக்க வேண்டும். சிரித்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். தன் குணத்தை ஒளித்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பாவப்படுகிறாள். ஒரு பொய்யின் மேல் இன்னொரு பொய்.

அப்போதுதான் வீரன் சொன்னது ஞாபகம் வந்தது. என் மூக்கைப் பொய் என்று சொல்லலாம். தேனீயின் மூக்கை யார் பொய் என்று சொல்ல முடியும்? அதுகளிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த சந்தை நாள் காலையில் ஒரு பெரிய சீப்பு ஏலக்கி வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஜீப் ஏறினேன். போன வாரத்துக்குச் சமாதானம் என்று நினைத்துக்கொண்டார்கள். வளைவில் வீரன் வண்டியை நிறுத்தினான். நானே ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். ஜெயம்மாளுக்கு இரண்டு. "இன்னா சென்ட்டு, இது வாழப்பழமா, வெட்டிவேரா?" என்று கேட்டுக்கொண்டே தின்றாள். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். சுவேதாவும் ஒன்று வாங்கிக்கொண்டாள். "சந்தையில சொல்லிடுவீங்க இல்லண்ணா?" என்றாள். "இன்னைக்கே தீர்த்துடலாம்மா" என்றேன். பாருங்கள், அதிலும் நான் பொய் சொல்லவில்லை.

அந்த இடம் முழுக்க வாழைப்பழ வாசனை. எல்லோர் கையிலும், வாயிலும். எல்லோரும் ஓடைக்குக் கழுவ இறங்கினார்கள். சுவேதாவின் குடை சீட்டில் கிடந்தது. கறுப்புக் குடை, இரண்டாக மடிகிற ரகம். என் பையில் வாழைப்பழ எண்ணெய் இருந்தது. குறும்பியில் சேர்க்கிற துளி இல்லை, ஒரு பாட்டில். குடையின் மடிப்புகளுக்குள் ஊற்றினேன். நிதானமாக, ஒவ்வொரு மடிப்பாக. ஊற்றியது நான்தான். இதை ரைட்டர் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். மடித்து அதன் உறையில் போட்டு, இருந்த இடத்தில் வைத்தேன். பாட்டிலை நன்றாக மூடித் தோல் குவியலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு ஓடையில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். சோப்பை வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். ஜீப்பும் அந்தப் பாறையைத் தாண்டித்தானே போக வேண்டும்? மற்றவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது. பொறுப்பில்லாமல் ஒரு காரியம் செய்து எனக்குப் பழக்கம் இல்லை.

அவள் வந்து குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். வாசனையை அவள் கண்டுகொள்ளவில்லை. இப்போதுதான் பழம் தின்ற கை, அவள் எப்படிக் கண்டுகொள்வாள்? ஜீப் கிளம்பி, பாறையைத் தாண்டி மேலே ஏறிவிட்டது. கீழே பார்த்தேன். வெயில் சுள்ளென்று இருந்தது. பாறைக்கு அடியில் அவள் குடையை விரித்தாள். அதுவரைக்கும் பார்த்தேன்.

மிச்சத்தைச் சின்னக்குழந்தை உங்களிடம் சொல்லியிருப்பாள். முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தபடி அவள் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். முதலில் ஒன்றிரண்டு வந்ததாம். பிறகு பாறையே கழன்று வந்த மாதிரி வந்ததாம். சுவேதா குடையைச் சின்னக்குழந்தையின் தலைக்கு மேல் பிடித்து மறைத்தாளாம். மறைக்க மறைக்க அதிகமாக வந்ததாம். குடைக்குத்தான் வருகிறது என்று அவளுக்கு எப்படியோ பட்டிருக்கிறது. சின்னக்குழந்தையை ஓடைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, குடையை விடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாளாம். முன்னால் ஐம்பதடியில் ஊர் இருந்தது. ஊர்க் கோடி வேப்பமரத்தடியில் தாய்மார்கள் பிள்ளைகளோடு ஊசிக்குக் காத்திருந்தார்கள். முத்தம்மாளின் மருமகளும் அன்றைக்கு மாமியாருக்குத் தெரியாமல் வந்து நின்றிருந்தாளாம். சுவேதா ஊர்ப் பக்கம் ஓடவில்லை. "வூட்டுக்குள்ள போங்க, கதவ சாத்துங்க" என்று கத்திக்கொண்டே எதிர்ப் பக்கம், ஆளில்லாத கரம்புப் பக்கம் ஓடினாளாம். அங்கேதான் அவள் உடலை எடுத்தார்கள். கையில் குடை இருந்தது.

இதைக் கேட்டு உங்கள் கான்ஸ்டபிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்? பழ வாசனைக்காரிக்கு யோசனை கிடையாது. ஐம்பதடியில் வீடு இருக்க, வெட்டவெளிக்கு ஓடுவாளா ஒருத்தி?

நான் பிடிபட்டதும் என் கவனக்குறைவால்தான். குடையின் பிடி பிளாஸ்டிக். வாழைப்பழ எண்ணெய் பட்டால் அந்த ரகப் பிளாஸ்டிக் வெல்லம் மாதிரி இளகிவிடும். தோல் கம்பெனியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் அன்றைக்கு மறந்துவிட்டேன். இளகிய பிடியில் என் கட்டைவிரல் அப்படியே பதிந்து காய்ந்திருக்கிறது. அதற்கு மேல் அவள் விரல்கள். நீங்கள் காட்டியபோது பார்த்தேன், சுத்தமான பதிவு.

ஒரு கேள்வி கேட்டீர்கள். அவள் வாரா வாரம் சாயங்காலம் அதே பாறைக்கு அடியில்தான் நடந்து திரும்பினாள், உன் சென்ட்டைப் போட்டிருந்தால் அந்த நாட்களில் ஏன் ஒரு தேனீயும் அவளைத் தொடவில்லை என்று. நல்ல கேள்விதான். அவளிடம் எல்லோரும் ஏமாந்தார்கள், தேனீக்களும் கொஞ்ச நாள் ஏமாந்திருக்கும். அன்றைக்கு நான் ஞாபகப்படுத்தினேன், அவ்வளவுதான்.

பிறகு நேற்று மேஜைமேல் ஒரு சின்ன பாட்டிலை வைத்தீர்கள். லேபிளைக் காகிதத்தால் மறைத்திருந்தீர்கள். முகர்ந்து சொல் என்றீர்கள். திறந்ததும் எனக்கு வந்துவிட்டது. இனிப்பு, பழம், ஜீப்பில் வந்த அதே வாசனை. "குறும்பி" என்றேன். "அவள் போட்டது இதேதானா, சத்தியமாகச் சொல்வாயா?" என்றீர்கள். எங்கே வேண்டுமானாலும் சொல்வேன் என்றேன்.

நீங்கள் காகிதத்தைக் கிழித்தீர்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற சிரப். சுவேதாவின் பையில் இருந்தது. ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அவளே ஊட்டிவிடுவாளாம். பாதிப் பிள்ளைகள் துப்பிவிடுமாம், அவள் வலது கையில் வழிந்து, துணியில் காய்ந்துவிடுமாம். சின்னக்குழந்தை சொன்னாளாம். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது.

ராத்திரி முழுக்க யோசித்தேன். என் மூக்கு இதுவரை தப்பே செய்ததில்லை. அப்படியென்றால் நடந்தது ஒன்றுதான். அந்த மருந்துக் கம்பெனிக்காரன் என் குறும்பியைத் திருடி சிரப்பில் கலந்திருக்கிறான். ஒரு பெண் சாகும் அளவுக்கு வந்ததற்கு அவன்தான் காரணம். அவன்மேல் தனியாக ஒரு புகார் எழுதச் சொல்லுங்கள் மேடம், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.